பேரியாட்ரிக் ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறி இறங்குவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. இவர்களில் நிறைய பேர் சென்னையில் ஆபரேஷனை முடித்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் ஃபைலும் புரோட்டீன் பவுடர் டப்பாவுமாக ஊர் திரும்புகிறவர்கள். விடிந்தும் விடியாமலும் என் வாட்ஸ்அப்பில் எடை மெஷின் படம் வந்து நிற்கும். கூடவே ஒரு வரி: "நேற்று 104.2, இன்று 105.1. என்ன தப்பு செய்தேன் மேடம்?"

பெரும்பாலும் ஒரு தப்பும் இருக்காது. மெஷின் கொழுப்பை மட்டும் நிறுத்துச் சொல்வதில்லை. தண்ணீர், உப்பு, குடலில் இருப்பது, குடித்த மோர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த எண் வருகிறது. இதில் எது எப்போது ஏறும், எது எப்போது இறங்கும் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும். மீதிப் பாதி நியாயமான கவலை. அதையும் கீழே சொல்லியிருக்கிறேன். உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஆபரேஷனுக்குப் போகும்போது 118 கிலோ. வீட்டுக்கு வந்து பார்த்தால் 120. வயிற்றையே வெட்டி எடுத்த பிறகு எப்படி ஏறும்?

டிரிப்ஸ்தான் காரணம். ஒரு லிட்டர் டிரிப்ஸ் ஏற்றினால் ஒரு கிலோ ஏறும். ஆபரேஷன் அன்றும் மறுநாளும் சில பாட்டில்கள் ஏறியிருக்கும். அதோடு, உடம்பில் கத்தி பட்டால் அது உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். காயத்துக்கு உடம்பு காட்டும் இயல்பான எதிர்வினை இது. சில நாளில் சிறுநீர் நன்றாகப் போகத் தொடங்கியதும் ஏறியது இறங்கிவிடும்.

ஸ்லீவ் என்ற வகை ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தத் துண்டு கால் கிலோகூடத் தேறாது. பைபாஸ் என்ற இன்னொரு வகையில் எதையும் வெளியே எடுப்பதே இல்லை, சாப்பாடு போகும் பாதையை மட்டும் மாற்றுகிறார்கள். எடை குறைவது இனிமேல் நடக்கப்போகிற சமாச்சாரம்.

வயிறு உப்பலாகத் தெரிவது லேப்ராஸ்கோப்பிக்காக, அதாவது சிறு துளைகள் வழியாக ஆபரேஷன் செய்வதற்காக, உள்ளே செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயுவால். அது அளவைக் கூட்டிக் காட்டுமே தவிர எடையைக் கூட்டாது.

முதல் பத்து நாளில் 6 கிலோ இறங்கியது. மூன்றாவது வாரம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. ஆபரேஷன் ஃபெயிலா?

இல்லை. என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்தின் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் 100 கிராம் அளவுக்கு, தசைகளில் அதைப் போல மூன்று நான்கு மடங்கு. மொத்தம் அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது தனியாக இருப்பதில்லை. ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கும். அரைக் கிலோ கிளைகோஜனோடு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

ஆபரேஷனுக்குப் பிறகு திரவ உணவு மட்டும்தான். பலருக்கு ஒரு நாளைக்கு 500, 600 கலோரியே உள்ளே போகும். உடம்பு முதலில் இந்தக் கையிருப்பைக் கரைக்கிறது. கிளைகோஜன் கரையும்போது அதோடு இருந்த தண்ணீரும் சிறுநீராகப் போய்விடுகிறது. ஆபரேஷனுக்காக ஏற்றிய டிரிப்ஸ் தண்ணீரும் அதே நேரத்தில் வெளியேறும். முதல் வாரத்து வேகமான இறக்கத்தில் பெரிய பங்கு இந்தத் தண்ணீருக்கு. கொழுப்பும் குறைகிறது, ஆனால் எண் காட்டும் அளவுக்கு இல்லை.

மூன்றாவது வாரம் வாக்கில் கூழ் மாதிரியான உணவு, குழைந்த பருப்புச் சாதம் என்று ஆரம்பிக்கிறீர்கள். உடம்பு காலியான கையிருப்பைக் கொஞ்சம் நிரப்பிக்கொள்கிறது. தண்ணீரும் திரும்ப வந்து சேர்கிறது. அந்த வாரத்தில் ஒரு கிலோ கொழுப்பு கரைந்து ஒரு கிலோ தண்ணீர் சேர்ந்தால் மெஷினில் முள் அசையாது. உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த நிற்றல் இரண்டாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஒரு வாரத்தில் முடியலாம், மூன்று வாரம்கூட இழுக்கலாம். சிலருக்கு வராமலேயும் போகும். ஆபரேஷனுக்கு முன் கல்லீரலைச் சுருக்குவதற்காக இரண்டு வாரம் திரவ உணவில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் எடை அப்போதே கொஞ்சம் போயிருக்கும். அவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் வாரமே மந்தமாகத் தெரியும்.

சரி, நின்றுபோன அந்த நாட்களில் என்ன செய்வது?

கொடுத்த டயட்டை மாற்றாமல் தொடருங்கள். புரோட்டீன் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம், தண்ணீரும் மற்ற திரவங்களும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், நடை, மாத்திரைகள். அவ்வளவுதான்.

செய்யக் கூடாதவைதான் அதிகம். "இன்னும் குறைத்துச் சாப்பிட்டால் இறங்கும்" என்று ஏற்கெனவே குறைவாக இருக்கும் சாப்பாட்டையும் பாதியாக்குகிறார்கள். புரோட்டீன் குறைந்தால் உடம்பு தசையைக் கரைக்கும். தசை குறைந்தால் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியும் குறையும். அப்புறம் எடை இறங்குவது இன்னும் கஷ்டம். பேதி மாத்திரை, சிறுநீர் பிரிய மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் தந்த மூலிகைப் பொடி எல்லாம் தண்ணீரைத்தான் வெளியேற்றும். இரண்டு நாள் எண் இறங்கும், மூன்றாம் நாள் தலைசுற்றலோடு கேஷுவல்டியில் இருப்பீர்கள். தேய்பிறையில் மட்டும் எடை பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னார். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை, நடத்துங்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரே ராத்திரியில் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. கொழுப்பு திரும்பி வந்துவிட்டதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பு சேரச் செலவுக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு 11,500-க்கு மேல். ஒரு இட்லிக்கு 55, 60 கலோரி என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 200 இட்லி. உங்களால் இப்போது ஒன்றரை இட்லிக்கு மேல் முடியவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள்.

ஆக அது தண்ணீர், அல்லது குடலில் இன்னும் வெளியேறாமல் இருப்பது. ஒரு நாளுக்குள் எடை ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறி இறங்குவது ஆபரேஷன் செய்யாதவர்களுக்கும் நடப்பதுதான். அவர்கள் தினமும் பார்ப்பதில்லை, அதனால் தெரிவதில்லை.

எதைச் சாப்பிட்டால் இப்படித் தண்ணீர் ஏறும்?

முதல் ஆள் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். நம் உடம்பின் நீரிலும் ஏறக்குறைய அதே அடர்த்திதான். அதனால் கூடுதலாக உள்ளே போகும் ஒவ்வொரு 9 கிராம் உப்புக்கும் உடம்பு ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீரை நிறுத்தி வைக்கும், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும் வரை. ஒரு டீஸ்பூன் உப்பு 5, 6 கிராம். அதாவது அரைக் கிலோவுக்கு மேல், ஒரு கலோரிகூட இல்லாமல்.

நம் பக்கத்தில் இதற்குப் பெரிய காரணம் கருவாடு. கடலூர் முதுநகரிலிருந்தும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலிருந்தும் வாங்கி வருகிற உப்புக் கருவாட்டில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். "புரோட்டீன்தானே மேடம்" என்கிறார்கள். புரோட்டீன்தான், மறுக்கவில்லை. ஆனால் கருவாட்டுக் குழம்புக்கு மறுநாள் மெஷின் மேல் ஏறி நின்றுவிட்டு அழாதீர்கள். வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்துக் கழுவினால் உப்பு கணிசமாகப் போகும். தினசரி புரோட்டீனுக்குப் புதிய மீனே மேல். மத்தி, சங்கரா, நெத்திலி எதுவானாலும் 100 கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரோட்டீன் கிடைக்கும். எலும்பும் முள்ளும் பார்த்து, நன்றாக மென்று சாப்பிடுங்கள்.

ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், பாக்கெட் சூப், ஹோட்டல் சாம்பார் எல்லாம் இதே கணக்குதான். கல்யாண வீட்டில் இரண்டு வாய் சாப்பிட்டதற்கே மறுநாள் முக்கால் கிலோ காட்டும். ஓரிரு நாளில் போய்விடும்.

மாதவிலக்கு நெருங்கும்போதெல்லாம் எடை ஏறுகிறது. சரியாகச் சாப்பிட்டும் ஏறுகிறதே?

மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் ஹார்மோன் மாற்றத்தால் உடம்பில் நீர் தங்கும். அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஏறலாம், உதிரப்போக்கு தொடங்கி இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். பெண்கள் போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுவதைவிட, போன மாதம் குளித்து ஐந்தாம் நாள் இருந்த எடையோடு இந்த மாதம் அதே நாள் எடையை ஒப்பிடுவது சரியான கணக்கு.

ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் சுழற்சி முன்பின்னாகப் போவதும் உண்டு. நாள் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். பல வருடம் குழந்தை இல்லாதவர்களுக்கும், பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தவர்களுக்கும் எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் முதல் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், வேறு முறையை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

நாலு நாளாக மோஷன் போகவில்லை. எடையும் நிற்கிறது. தொடர்பு உண்டா?

உண்டு. சாப்பாடு குறைவு, நார்ச்சத்து குறைவு, தண்ணீர் குறைவு, கூடவே இரும்புச்சத்து மாத்திரை. மலச்சிக்கல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தண்ணீரைக் கூட்டுங்கள், மூன்று நான்கு நாள் தாண்டினால் சர்ஜன் சொல்லும் மலமிளக்கியை எடுங்கள். வயிறு உப்பி, வலி, வாந்தியும் சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கரும்பச்சையாகப் போவது சாதாரணம். தார் மாதிரி ஒட்டும் கறுப்பில், நாற்றத்தோடு போனால் அது ரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

சில்வர் பீச்சில் ஓட ஆரம்பித்தேன், ஜிம்மிலும் சேர்ந்தேன். எடை ஒரு கிலோ கூடிவிட்டது. கொழுப்பு தசையாக மாறிவிட்டது என்கிறார் டிரெய்னர்.

கொழுப்பு தசையாக மாறாது. இரண்டும் வேறு வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு குறைவாகச் சாப்பிடும் நேரத்தில் ஒரு வாரத்தில் ஒரு கிலோ தசை வளர்வதற்கும் வழி இல்லை. டிரெய்னர் உங்கள் மனம் நோகக் கூடாதென்று சொல்லியிருப்பார்.

பழக்கமில்லாத உடற்பயிற்சியில் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். அதைச் சரிசெய்ய அங்கே நீர் சேரும். மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்கிறதே, அதே காரணம்தான். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு பழகியதும் நீர் போய்விடும். பயிற்சியை விட்டுவிடாதீர்கள், தசையைக் காப்பாற்றுவது அதுதான். ஓட்டத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், மூட்டு இன்னும் பழைய சுமையைத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு மாலையில் வண்டிகளை விடாத கடற்கரைச் சாலை இருக்கிறது. சமதளம், காற்று. நடக்க அதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் கிடையாது. சுண்டல்காரரிடம் மட்டும் நின்றுவிடாதீர்கள் என்று சொல்ல வந்தேன். உண்மையில் சுண்டல் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கும் பஜ்ஜிதான் ஆகாது.

எடையை எப்படி, எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்ப்பது?

வீட்டில் ஒரே மெஷின். சமமான டைல்ஸ் தரை, பாய் மேலோ கால்மிதி மேலோ வேண்டாம். காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, காபிக்கு முன்னால், லேசான உடையில். மருந்துக்கடை மெஷின் ஒன்று, மாமியார் வீட்டு மெஷின் ஒன்று, ஆஸ்பத்திரி மெஷின் ஒன்று என்று பார்த்தால் மெஷின்களுக்கு இடையிலான வித்தியாசத்தையே உங்கள் எடை வித்தியாசமாக நினைத்துக் குழம்புவீர்கள்.

வாரம் ஒரு நாள் போதும். தினம் பார்த்தால்தான் நிம்மதி என்கிறவர்கள் ஏழு நாள் சராசரி எடுங்கள். உதாரணத்துக்கு ஒருவரின் முதல் வாரம் இப்படி என்று வைப்போம்: 98.4, 98.9, 98.1, 98.6, 99.2, 98.3, 97.9. சராசரி 98.5. அடுத்த வாரம்: 98.2, 97.6, 98.4, 97.5, 97.8, 97.3, 97.1. சராசரி 97.7. எண்ணூறு கிராம் இறங்கியிருக்கிறது. ஆனால் முதல் வாரத்து முதல் நாளையும் இரண்டாம் வாரத்து மூன்றாம் நாளையும் மட்டும் பார்த்தால் இரண்டும் 98.4. "ஒன்பது நாளாக ஒரு கிராம்கூடக் குறையவில்லை" என்று அன்று அழுதிருப்பார். எனக்குப் படமும் அனுப்பியிருப்பார்.

ஒரு நாளைக்கு மூன்று தடவை மெஷின் மேல் ஏறுகிறவர்கள் உண்டு. எண் ஏறியிருந்தால் அன்று சாப்பிடுவதில்லை, இறங்கியிருந்தால் ஒரு ஸ்வீட். இப்படி மெஷின் உங்கள் சாப்பாட்டைத் தீர்மானிக்கிறது என்றால் அதைப் பரண்மேல் போட்டுவிட்டு, ஃபாலோ-அப்பில் மட்டும் பாருங்கள். இடுப்பைத் தையல் டேப்பால் மாதம் ஒரு தடவை தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதுங்கள். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வருவதும், ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுப்பதும், மோதிரம் கழல்வதும் எடை நிற்கும் வாரங்களிலும் நடக்கும்.

கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம், அந்தச் சதவீதத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். காலடியில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி உத்தேசமாகக் கணக்கிடுகிறது. உடம்பில் தண்ணீர் கூடிக் குறைந்தால் சதவீதமும் தாறுமாறாக மாறும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறக் கூடாது.

என்னோடு ஒரே வாரத்தில் ஆபரேஷன் செய்த அண்ணனுக்கு 20 கிலோ போய்விட்டது. எனக்கு 13 தான். ஏன்?

அவர் 150 கிலோவில் ஆரம்பித்திருப்பார், நீங்கள் 98-ல். கிலோவை விட்டுச் சதவீதத்தைப் பாருங்கள்: இருவருக்குமே 13 சதவீதம்தான். தவிர ஆண்களுக்குத் தசை அதிகம், அதனால் வேகம் கூடுதலாகவே இருக்கும். வயது, ஸ்லீவா பைபாஸா, சர்க்கரை நோய் எத்தனை வருடமாக இருக்கிறது, என்னென்ன மாத்திரை என்று எல்லாமே சேர்ந்து வேகத்தை மாற்றும். பொதுவாக ஒன்று, ஒன்றரை வருடத்தில் ஸ்லீவில் ஆரம்ப எடையில் 25 சதவீதம், பைபாஸில் 30 சதவீதம் என்ற அளவை ஒட்டிக் குறையும். 120 கிலோவில் தொடங்கியவர் 84-லிருந்து 90-க்குள் வந்து நிற்பார். கல்லூரியில் இருந்த எடை திரும்ப வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது விளம்பரம்.

பிபி மாத்திரையை மாற்றிய பிறகு எடை ஏறியது. சம்பந்தம் இருக்குமா?

இருக்கும். சில பிபி மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டி வேலை செய்பவை. ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு வறண்டுவிடும் என்று அவற்றைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதும் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் திரும்பும். அதைப் பார்த்துப் பயந்து பழைய மாத்திரையை நீங்களே மறுபடி போடாதீர்கள்.

இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும், ஸ்டீராய்டும், மனநல மருந்துகளில் சிலவும் எடையைக் கூட்டக்கூடியவை. இவற்றையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள்.

எடை மளமளவென்று இறங்குகிறது. சந்தோஷப்படலாம் அல்லவா?

எப்படி இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. எண் ஏறினால் எனக்கு உடனே படம் வருகிறது. எண் வேகமாக இறங்கினால் யாரும் கவலைப்படுவதில்லை, வீட்டில் எல்லோரும் பாராட்டுகிறார்கள். நான் பயப்படுவது இந்த இரண்டாவது ஆட்களுக்குத்தான்.

சாப்பிட்டதெல்லாம் வாந்தி, தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் கடும் மஞ்சளாக, நாளைக்கு ஓரிரு தடவைதான் போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது. இந்த நிலையில் நான்கு நாளில் நான்கு கிலோ இறங்கினால் அது வறட்சி. வாந்தி பல நாள் தொடர்ந்தால் தயமின் என்ற பி1 வைட்டமினும் தீர்ந்துவிடும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது வந்துவிட்டால் நரம்புக்கு நிரந்தரப் பாதிப்பு ஆகலாம். ஆஸ்பத்திரிக்குப் போனதும், குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றும் முன், பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்தவர், பல நாளாக வாந்தி என்று டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். பி1 ஊசி முதலில் போக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் காய்ச்சல், நாடித்துடிப்பு 120-க்கு மேல், வயிற்று வலி கூடிக்கொண்டே போவது, இடது தோளில் வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் எடையை மறந்துவிட்டு ஆபரேஷன் செய்த குழுவைக் கூப்பிடுங்கள். சென்னை தூரம் என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டிஸ்சார்ஜ் ஃபைல் கையில் இருக்கட்டும்.

எடை ஏறுகிறது, கால் வீங்குகிறது. இதுவும் தண்ணீர்தானே?

தண்ணீர்தான், ஆனால் கவனிக்காமல் விடக்கூடிய தண்ணீர் இல்லை. ஈசிஆரில் நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததால் கணுக்கால் லேசாக வீங்கி, ராத்திரி படுத்து எழுந்ததும் வடிந்துவிட்டால் பரவாயில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது நாள்கணக்கில் தொடர்ந்தால் புரோட்டீன் குறைபாடாக இருக்கலாம். இதயம், சிறுநீரகம், தைராய்டு, பி1 குறைபாடு என்று வேறு காரணங்களும் உண்டு. ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் ரத்தக்கட்டி என்று எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கத்திரி வெயிலில் ஒரே நாளில் ஒரு கிலோ இறங்கியது!

வியர்வை. இரண்டு டம்ளர் மோர் குடித்தால் பாதி திரும்பிவிடும், திரும்பத்தான் வேண்டும். சிறிய இரைப்பையில் மடமடவென்று குடிக்க முடியாது, ஆகவே பாட்டிலைக் கையோடு வைத்துக்கொண்டு வாய் வாயாகக் குடியுங்கள். சாப்பாட்டோடு மட்டும் வேண்டாம், அரை மணி இடைவெளி விடுங்கள்.

ஆறேழு மாதம் ஆகிறது, ஒரு மாதமாக எடை அசையவில்லை. இதுவும் தண்ணீர்க் கணக்கா?

நான்கு வாரம் தாண்டிவிட்டால் தண்ணீர் மேல் பழி போட முடியாது. இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, 120 கிலோ உடம்பை நடத்தத் தேவைப்பட்ட கலோரி 92 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. குறைந்த எடைக்கு ஏற்பச் செலவும் குறைந்துவிட்டது. இது இயற்கை. நடையைக் கூட்டி, தசைப் பயிற்சி சேர்த்தால் பலருக்கு மறுபடி நகரும்.

இரண்டாவது, தட்டில் என்ன மாறியிருக்கிறது என்பது. மூன்று நாள் வாயில் போவதையெல்லாம் எழுதச் சொல்வேன். கோழியும் முட்டையும் சின்ன வயிற்றை நிரப்பிவிடும். மிக்சர், முறுக்கு, பிஸ்கட் நிரப்பாது, கரைந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பண்ருட்டி முந்திரி இன்னொன்று. நல்ல பொருள்தான், ஆனால் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், 165 கலோரிக்கு மேல். வீட்டில் டப்பா நிறைய இருந்தால் போகிறபோது ஒரு கை, வருகிறபோது ஒரு கை என்று ஆகிவிடும். பலாச்சுளை காலத்தில் இரண்டு சுளையோடு நிறுத்துங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு மொத்தமாக இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும், அதற்கு டம்பிங் என்று பெயர். கரும்புச்சாறு, ரோஸ் மில்க், நாட்டுச் சர்க்கரை போட்ட காபி எல்லாம் குடிக்கிற கலோரி. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்.

தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றங்கரை போகிறோம், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போகிறோம், அங்கே என்ன செய்வது என்று கேட்கிறார்கள். போங்கள், ருசி பாருங்கள். ஒரு நாள் திருவிழா யாருக்கும் எடையைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. வாங்கி வந்த பொட்டலம் வீட்டில் ஒரு வாரம் இருப்பதுதான் சிக்கல்.

பீர் குடிக்கலாமா?

கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் விலை குறைவு என்பதால் இந்தக் கேள்வி நம் பக்கம் கொஞ்சம் அதிகம். முதல் ஒரு வருடமாவது தொடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, முக்கியமாக பைபாஸுக்குப் பிறகு, மது ரத்தத்தில் வேகமாக ஏறும், பழைய அளவில் பாதிக்கே போதை கூடுதலாக இருக்கும். வண்டி ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டில் கிடைத்த இன்பம் போனதும் குடியில் அதைத் தேடி அடிமையாகிறவர்கள் இருக்கிறார்கள், இது மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஆபத்து. 650 மில்லி பீர் 250 கலோரியைத் தாண்டும், வயிறு நிறையாது. மறுநாள் மெஷினில் எடை குறைந்துகூடக் காட்டும், மது தண்ணீரை வெளியேற்றுவதால்.

இரண்டு வருடம் கழித்து 3 கிலோ ஏறியிருக்கிறது. பழையபடி ஆகிவிடுமா?

பெரும்பாலானவர்களின் எடை 12 முதல் 24 மாதத்துக்குள் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நிற்கும். குறைந்த 35 கிலோவில் 2, 3 கிலோ திரும்புவது அந்த வகை. ஏறிக்கொண்டே போய் 5 கிலோவைத் தாண்டினால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம். வெட்கப்பட்டு ஃபாலோ-அப்புக்குப் போகாமல் இருக்கிறார்கள், பத்து கிலோ ஏறிய பிறகு வருகிறார்கள். ஐந்தில் வந்தால் உணவையும் மருந்தையும் வைத்துத் திருத்துவது எளிது.

ஃபாலோ-அப்புக்கு எதைக் கொண்டு போக வேண்டும்?

முதல் வருடத்தில் 1, 3, 6, 12 மாதம் என்ற வரிசையில் வரச் சொல்வார்கள், அதன் பிறகு ஆயுள் முழுக்க வருடம் ஒரு தடவை. வாராந்திர எடையும் இடுப்பளவும் எழுதிய நோட்டு, மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பு, பெண்கள் மாதவிலக்குத் தேதிகள். ஹீமோகுளோபின், இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் பரிசோதனை முடிவுகள். மாத்திரைப் பெயர் ஞாபகம் இல்லை, வெள்ளையாக நீளமாக இருக்கும் என்று சொன்னால் யாருக்கும் புரியாது, அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.